தூரத்துக் கணினி: பாதையும் வாசலும்

கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வரும் பெற்றோரில் சிலர், வந்த வேலை முடிந்த பிறகு இன்னொரு கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். "மகன் துபாயில் இருந்துகொண்டே நம் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்து தருகிறான். நடுவில் வேறு யாராவது புகுந்துவிட மாட்டார்களா?" என்கிறார் ஒருவர். "லாரி ஆபீஸ் கணக்கெல்லாம் நாமக்கல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை சேலத்தில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார், விடலாமா?" என்று கேட்கிறார் இன்னொருவர். கூடவே வந்த கல்லூரி மாணவிக்கு வேறு சந்தேகம். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஓடும் மென்பொருளின் திரையை வீட்டு லேப்டாப்பில் வரவழைக்க முடியுமா என்று அவர் கேட்கிறார்.

மூன்றும் ஒரே விஷயந்தான். ஒரு கணினி ஓரிடத்தில் இருக்கிறது. அதை இயக்குபவர் வேறிடத்தில் இருக்கிறார். இடையே இன்டர்நெட் என்ற பொதுவழி இருக்கிறது. கேட்ட மூவருக்கும் நாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து, கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

இதில் இரண்டு விதமான பாதுகாப்பு இருக்கிறது. முதலாவது, பாதையின் பாதுகாப்பு: இரண்டு கணினிகளுக்கும் இடையே போகும் செய்தியை வழியில் இருப்பவர் படிக்க முடியாமல் செய்வது. இரண்டாவது, வாசலின் பாதுகாப்பு: உள்ளே வருபவர் நாம் அழைத்தவர்தானா என்று பார்ப்பது. பாதைக்கான ஏற்பாடுகள் இன்று நன்றாகவே இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் நம் மக்கள் இழக்கும் பணம் பாதையில் போவதில்லை, வாசலில்தான் போகிறது. "என்கிரிப்ஷன் இருக்கிறது, பூட்டுப் படம் தெரிகிறது, ஆகவே பயமில்லை" என்று நம்பி, கேட்டவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம். பூட்டிய பாதை வழியாகத் திருடனும் வரலாம். அவன் வருவதையும் வழியில் யாரும் பார்க்க முடியாது.

பாதை எப்படிப் பூட்டப்பட்டது

தூரத்துக் கணினியில் வேலை செய்வது புதிய சங்கதி இல்லை. டெல்நெட் என்ற பழைய முறை கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதில் நாம் தட்டும் பெயரும் பாஸ்வேர்டும் அஞ்சலட்டையில் எழுதியதுபோல அப்படியே போகும். வழியில் அட்டையைக் கையில் எடுப்பவர் யாரும் படித்துக்கொள்ளலாம். 1995-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைச் சேகரித்துவிட்டார்கள். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யுலோனன், இனி இப்படி நடக்கக்கூடாது என்று அதே ஆண்டு ஒரு மென்பொருளை எழுதி இலவசமாக வெளியிட்டார். அதுதான் எஸ்எஸ்எச். அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்கு ஒதுக்கப்பட்ட வாசல் எண் 22. கோப்புகள் அனுப்பும் எஃப்டிபி 21-லும் டெல்நெட் 23-லும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே 22 காலியாக இருந்ததால் அதையே கேட்டு வாங்கினார். 1999-ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற வடிவம்தான் இன்று உலகெங்கும் ஓடுகிறது. 2018 முதல் விண்டோஸ் 10-லும் அதன் பயனர் பகுதி கூடவே வருகிறது.

எஸ்எஸ்எச் செய்யும் வேலைகளில் இரண்டை வீட்டுப் பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, முதன்முறை ஒரு கணினியோடு இணையும்போது, "இந்தக் கணினி உண்மையானதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்று சொல்லி, அதன் கைரேகை என்று ஒரு நீண்ட எழுத்துக் கோவையைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். கிட்டத்தட்ட எல்லோரும் படிக்காமலே 'யெஸ்' என்று தட்டிவிடுகிறார்கள். தட்டுவதற்கு முன் அந்தக் கணினியின் அருகில் இருப்பவரைப் போனில் கூப்பிட்டு, அங்கே தெரியும் கைரேகையைப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதன்பிறகு கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், மறுமுனைக் கணினியில் ஓஎஸ் புதிதாகப் போட்டிருக்கலாம். அல்லது இடையில் ஒருவர் அந்தக் கணினியாக வேஷம் போட்டு நிற்கலாம். எது என்று விசாரிக்காமல் மேலே போகக்கூடாது.

இரண்டாவது, பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாவி ஜோடி வைத்துக்கொள்வது. எஸ்எஸ்எச்-கீஜென் என்ற கட்டளை இரண்டு கோப்புகளை உண்டாக்கித் தரும். ஒன்று பொதுச்சாவி. அதைப் பூட்டு என்று நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். அதை எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் மாட்டி வைக்கலாம், யார் பார்த்தாலும் கெடுதலில்லை. மற்றது தனிச்சாவி. அது நம் லேப்டாப்பை விட்டு வெளியே போகவே கூடாது. வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பக்கூடாது, கூகுள் டிரைவில் போட்டு வைக்கக்கூடாது, அதற்கும் ஒரு ரகசியச் சொற்றொடர் வைக்க வேண்டும். சாவி முறை ஓடத் தொடங்கியதும் பாஸ்வேர்டால் நுழையும் வசதியை நிறுத்திவிட்டால், இரவு பகலாகப் பாஸ்வேர்டுகளை ஊகித்துத் தட்டிக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்களுக்கு அங்கே வேலையில்லை.

பழகிப் பார்க்க விலை உயர்ந்த கணினி தேவையில்லை. 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம்மில் பல வீடுகளின் பரணில் கிடக்கிறது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அந்தப் பழைய பதிப்பை எடுத்துவிட்டு டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட் புதிதாகப் போட்டு, அதில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவினால், வீட்டு வைஃபைக்குள்ளேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரலாம். பரணில் தூசி படிவதைவிட இது மேல்.

ஜன்னல் மட்டும் இங்கே வருவது

எழுத்துக் கட்டளை மட்டும் போதாது, படமும் பொத்தானும் உள்ள மென்பொருளே வேண்டும் என்பதுதான் அந்த மாணவியின் கேள்வி. அதற்கும் வழி உண்டு. 1984-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கூடத்தில் எக்ஸ் விண்டோ என்ற முறை பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பு, 1987-ல் வந்த எக்ஸ்11, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இதில் மென்பொருள் ஓரிடத்தில் ஓடும், அதன் ஜன்னல் வேறிடத்தில் விரியும். கணக்கிடும் பாரம் முழுவதும் கல்லூரிக் கணினியின் தலையில். நம் லேப்டாப் திரையைக் காட்டுவதோடு சரி. ஆகவே பழைய லேப்டாப்பிலும் பெரிய மென்பொருளைப் பார்க்கலாம்.

எஸ்எஸ்எச் கட்டளை தட்டும்போது ஒரு சிறு கோடும் பெரிய எக்ஸ் எழுத்தும் சேர்த்தால், இந்த ஜன்னல் போக்குவரத்தும் பூட்டிய பாதைக்குள்ளேயே வந்துவிடும். விண்டோஸ் லேப்டாப் என்றால் எக்ஸ் சர்வர் என்ற துணை மென்பொருள் ஒன்றும் வேண்டும். மாணவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: இந்த முறையில் 'சர்வர்' என்பது நம் கண்முன் இருக்கும் லேப்டாப். தூரத்தில் இருக்கும் பெரிய கணினியின் மென்பொருள்தான் 'கிளையன்ட்'. திரையைப் பரிமாறுவது நாம் என்பதால் அப்படி. தேர்வில் தலைகீழாக எழுதி மதிப்பெண் விட்டுவிட வேண்டாம்.

நாம் ஆரம்பத்தில் சொன்ன வேறுபாடு இங்கேதான் நன்றாக விளங்கும். பாதை முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கிறது, வழியில் யாரும் எதையும் படிக்க முடியாது. ஆனால் ஜன்னலை இங்கே விரிக்க நாம் அனுமதித்த அந்தத் தூரத்துக் கணினியில் முழு அதிகாரம் உள்ள ஒருவர் தீய எண்ணம் கொண்டால், அதே இணைப்பின் வழியாக நம் திரைக்குள் கைவைத்து, நாம் தட்டும் விசைகளைக்கூடக் கவனிக்க முடியும். ஓப்பன்எஸ்எஸ்எச் கையேடே இதை எச்சரிக்கிறது. ஆகவே எக்ஸ் வசதியை நம்பகமான கணினிகளோடு மட்டும், தேவையான நேரத்தில் மட்டும் திறக்க வேண்டும். பெரிய எக்ஸுக்குப் பதிலாகப் பெரிய ஒய் எழுத்தைப் போட்டால் எல்லாம் சுலபமாக ஓடுகிறது என்று சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஓடும்தான், அது மறுமுனைக்கு முழு நம்பிக்கையையும் கொடுத்துவிடும் வழி என்பதால்தான் தடையின்றி ஓடுகிறது.

முழுத் திரையையும் கொண்டுவரும் முறைகள் வேறு. விஎன்சி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் மைக்ரோசாஃப்ட் கொடுப்பது. ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் அதன் வழியாக நுழைய முடியாது, ப்ரோ பதிப்பு வேண்டும். எனிடெஸ்க், டீம்வியூவர், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை வீட்டு உபயோகத்திற்கு எளிதானவை. இனி அவற்றைத்தான் பார்க்கப் போகிறோம்.

வாசலில் நடப்பது

எனிடெஸ்க்கைத் திறந்தால் ஒன்பது அல்லது பத்து இலக்க எண் ஒன்று தெரியும். அதை மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லி, அவர் கேட்கும் அனுமதிக்குச் சம்மதம் தட்டினால், நம் திரை அவருக்குத் தெரியும்; முழு அனுமதி கொடுத்தால் அவரே இயக்கலாம். நல்ல கருவிதான். பழுது பார்ப்பவர்கள் உலகம் முழுவதும் இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். இதே கருவியை வைத்து வங்கிப் பணம் திருடப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில், எனிடெஸ்க் என்ற பெயரைக் குறிப்பிட்டே, வங்கிகளை எச்சரித்தது. 2022-ல் பொதுமக்களுக்காக வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் திரைப் பகிர்வு மோசடியை மறுபடி சேர்த்தது. கருவியில் ஓட்டை இருந்ததால் வந்த எச்சரிக்கை அன்று. கருவி சொன்னபடியே வேலை செய்தது, வாசலைத் திறந்தவர் வீட்டுக்காரர்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு நேர்ந்ததை, அவர் அனுமதியோடு, பெயரில்லாமல் சொல்கிறோம். அவர் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அத்தாவின் போனில் எது சிக்கினாலும் அங்கிருந்தே எனிடெஸ்க் வழியாகச் சரிசெய்வார். "அத்தா, அந்த நம்பரைப் படியுங்கள்" என்பார், இவரும் படிப்பார். இரண்டு ஆண்டுகளாக இப்படியே பழகிவிட்டது. ஒருநாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் கூப்பிட்டு, "ஐயா, உங்கள் கேஒய்சி முடங்கப் போகிறது, அந்த எனிடெஸ்க் நம்பரைப் படியுங்கள்" என்றார். பெரியவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. மகன் கேட்கும் அதே நம்பர், அதே செயலி. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்கு வைத்திருந்த தொகை கண்முன்னே போனது. ஓடிபியை வாயால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், சொல்லவும் இல்லை. திரையில் வந்து விழுந்த ஓடிபியை அந்த ஆள் தானே படித்துக்கொண்டான்.

படித்தவர்கள் வீட்டில் இது ஏன் நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நல்ல நோக்கத்திற்காகப் பெற்றோரை நாமே இதற்குப் பழக்குகிறோம். செயலியின் பெயரை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. யார் யாரைக் கூப்பிட்டது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும். உதவி தேவைப்பட்டு, நமக்குத் தெரிந்த எண்ணுக்கு நாமே கூப்பிட்டால், அது ஒரு மாதிரி. அவர்களாகக் கூப்பிட்டு, நமக்கு இல்லாத ஒரு பிரச்சினையைச் சொல்லி, எதையோ இறக்கச் சொன்னாலோ நம்பரைப் படிக்கச் சொன்னாலோ, கூப்பிட்டவர் வங்கி மேலாளரே என்றாலும் வைத்துவிட வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அத்தா அம்மாவின் வங்கிச் செயலி இருக்கும் போனில் இந்தக் கருவிகளை வைத்துவிட்டுப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் நீக்கிவிடச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் நுழையும் நிரந்தரப் பாஸ்வேர்டு வசதியை அவர்கள் போனில் திறந்து வைக்காதீர்கள். இணையும் முன் சாதாரணப் போன் அழைப்பில் குரல் கேட்டுப் பேசிவிட்டு இணையுங்கள். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைய வேண்டும் என்று சிறுவயதில் மதரஸாவில் படித்த ஒழுக்கத்திற்குப் பெற்றோரின் திரையும் விலக்கில்லை. கணினி என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதுமானது. அதில் உதவி கேட்பவர் உண்டாக்கும் எண் ஒருமுறைக்கு மட்டுமே செல்லும்.

எனிடெஸ்க் நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்குள்ளேயே அத்துமீறி நுழைந்தார்கள் என்பதை அந்த நிறுவனம் 2024 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, எல்லோரும் புதிய பதிப்புக்கு மாறச் சொன்னது. ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் புதுப்பிக்காத பழைய பதிப்பு வேண்டாம்.

வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் இருக்கும் திரைப் பகிர்வும் இதே வகைதான் என்பது பலருக்குத் தெரியவில்லை. தனியாக எதையும் இறக்கத் தேவையே இல்லை, ஒரு பொத்தானைத் தொட்டால் நம் திரை அவனுக்கு. அடுத்து ஏபிகே கோப்புகள். லாரி, கார் வைத்திருப்பவர்கள் நிறைந்த ஊர் நமது. ஆர்டிஓ அபராதச் சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு ஒன்று வரும். அதைத் தொட்டால் போனுக்குள் ஒரு செயலி உட்கார்ந்துகொண்டு எஸ்எம்எஸ்களைப் படித்து வெளியே அனுப்பும். சலான் பார்க்க வேண்டும் என்றால் பரிவாஹன் அரசுத் தளத்திற்கு நாமே போய், வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு புதிய செயலி 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்டால் கொடுக்கவே வேண்டாம். பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காக வைக்கப்பட்ட அந்த வசதி, திரை முழுவதையும் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் அந்தச் செயலிக்கு வழி விட்டுவிடும்.

இந்தத் திருட்டில் நம் நாட்டுப் பிள்ளைகளும் வேலைக்கு இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் உதவி மையம் என்று நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்கள் உள்ளிட்ட சைபர் மோசடிகள் தொடர்பாக 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா 2' என்ற பெயரில் தமிழ்நாடு உள்பட பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. "டெக் சப்போர்ட் வேலை, ஆங்கிலம் பேசினால் போதும், கை நிறையச் சம்பளம்" என்று வரும் அழைப்பில் சேர்வதற்கு முன், அந்த வேலையில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டுப் பார்க்கட்டும்.

போய்விட்டது என்று தெரிந்தால்

முதலில் இணைப்பை அறுக்க வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். கணினி என்றால் ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். செயலியைத் தேடி நீக்குவதெல்லாம் பிறகு.

உடனே வேறொரு போனிலிருந்து 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். மத்திய அரசின் சைபர் நிதி மோசடி உதவி எண் இது. பணம் எந்தக் கணக்கிற்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போய், எடுக்கப்படாமல் மிச்சம் இருப்பதை முடக்கி வைப்பார்கள். அதனால்தான் நிமிடக் கணக்கு முக்கியம். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், தொகை, நேரம் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு.

அடுத்து வங்கி. இதை வெட்கப்பட்டுத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம், அதனால் விரிவாகச் சொல்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வேறெங்கோ உள்ள குறையால் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர்மேல் பொறுப்பில்லை. ஆனால் ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டதால் போனது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை போனது முழுவதும் அவரையே சேரும். தெரிவித்த பிறகு போவது வங்கியைச் சேரும். இந்தக் கடைசி வரிதான் கவனிக்க வேண்டியது. தவறு நம்முடையதாகவே இருந்தாலும், சொன்ன நிமிடத்திலிருந்து மேற்கொண்டு போவதற்கு நாம் பொறுப்பில்லை. ஆகவே வீட்டாருக்குத் தெரிந்தால் திட்டுவார்களே என்று இரவு முழுக்க மறைத்து வைப்பதால் நஷ்டம்தான் கூடும். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பெரியவர் அன்று மாலையே மருமகனிடம் சொல்லிவிட்டார். கொஞ்சம் தொகை முடக்கப்பட்டுத் திரும்பியது, மீதி வரவில்லை. திட்டுவதை அந்த வீட்டில் யாரும் செய்யவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாவற்றையும் வேறு கருவியிலிருந்து மாற்றிய பிறகே பழைய போனைச் சுத்தம் செய்து பயன்படுத்த வேண்டும்.

அலுவலகக் கணினி

லாரி ஆபீஸ் சகோதரருக்கு வருவோம். ஜவ்வரிசி ஆலை, விசைத்தறிக் கூடம், கோழித் தீவனக் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம், தடையில்லை. ஆனால் கணினி விற்ற கடைக்காரர் சொன்னார் என்று ரூட்டரில் 3389 என்ற வாசலை உலகத்திற்கே திறந்துவிடாதீர்கள். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண் அது. திறந்திருக்கும் 3389 எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2019 மே மாதம் புளூகீப் என்ற ஓட்டை இதில் வெளிவந்தபோது, எப்போதோ கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. முதலில் ஒரு விபிஎன் அமைத்து, அதற்குள் போன பிறகே ரிமோட் டெஸ்க்டாப் திறக்கும்படி வைக்க வேண்டும். வயர்கார்டு இலவசமானது, வேகமானது. அமைத்துத் தர உள்ளூர்ப் பிள்ளைகளே போதும். அதோடு, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வெளியிலிருந்து நுழையும் கணினியில் அது இருக்கக்கூடாது.

எல்லாக் கணினிகளையும் ஒரே வலையில் கோத்துவிடாமல் பிரித்து வைப்பது அடுத்த காரியம். இதற்கு இரண்டு உதாரணங்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4-ல் செர்ட்-இன் அமைப்பு தெரிவித்தது. அக்டோபர் 30-ல் அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இன்டர்நெட்டோடு இணைந்த நிர்வாக வலையில் இருந்தது என்றும், முக்கியமான உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால் அங்கே பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது. மற்றது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை. 2022 நவம்பர் 23-ல் அதன் சர்வர்கள் முடக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள், ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல். நோயாளிகளைப் பதிவதிலிருந்து எல்லாவற்றையும் பல நாட்கள் காகிதத்தில் செய்தார்கள். வலையைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பதிலளித்தது. நம் கடைக்கும் இது பொருந்தும். கணக்குக் கணினி தனி, பையன் கேம் விளையாடும் கணினி தனி. வாரம் ஒருமுறை கணக்கை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைக்க வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து முடங்கும்.

சிசிடிவி கேமராவும் தூரத்திலிருந்து பார்க்கும் கணினிதான். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே போய் விற்கப்பட்டது 2025-ல் தெரியவந்தபோது, கேமராவோடு வந்த எளிய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்ததே வழி என்று செய்திகள் வந்தன. பெண்கள் புழங்கும் வீட்டுக்குள் கேமரா தேவையா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வாசலுக்கும் கடைக்கும் வைத்திருப்பவர்கள் இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்டிவிட்டுப் போனவருக்குப் பழையது தெரியும்.

அறக்கட்டளையின் கணினியைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விதவை உதவி பெறும் சகோதரிகளின் விவரம், மாணவர்களின் ஆதார் நகல், மருத்துவ உதவி கேட்டவர்களின் அறிக்கைகள் அதில் இருக்கின்றன. யார் உதவி பெறுகிறார் என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று நினைத்துத்தான் பலர் நம்மிடம் கொடுத்தார்கள். அது அமானிதம். அந்தக் கணினிக்கு வெளியிலிருந்து நுழையும் வழி எதுவும் வைக்கவில்லை. ஊருக்குப் போனாலும் பட்டியலைப் பார்க்க வசதியாக இருக்குமே என்று நிர்வாகிகள் சிலர் கேட்டதுண்டு. நேரில் வந்து பார்க்கும்படி முடிவு செய்திருக்கிறோம். பழுது வந்தால் பொறியாளர் அலுவலகத்திற்கு வந்து, நம்மில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கிறார். விண்ணப்பத்தோடு ஆதாரின் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுத்தாலே போதும்.

உதவித்தொகை மஞ்சூராகிவிட்டது, இந்தச் செயலியை இறக்குங்கள், இந்த எண்ணைப் படியுங்கள், ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபாருங்கள் என்று அறக்கட்டளையின் பெயரில் யார் கூப்பிட்டாலும் அது நாம் இல்லை. மஞ்சூரான விவரம் அலுவலகப் பலகையில் விண்ணப்ப எண்ணாக மட்டும் ஒட்டப்படும். காசோலையை நேரில் வந்து பெற வேண்டும்.

இந்த மாதம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு, கணினி படித்த நம் பிள்ளைகள் மூவர் அலுவலகத்தில் இருப்பார்கள். போனில் தேவையில்லாத ரிமோட் செயலி இருக்கிறதா என்று பார்த்துத் தருவார்கள். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு எஸ்எஸ்எச் பழக விரும்பும் மாணவ மாணவியர் சார்ஜரோடு கொண்டு வரலாம். அதில் உள்ள படங்களை முன்பே நகலெடுத்து வைத்துவிடுங்கள். பெண்களுக்கு மாடி அறையில் தனியாக ஏற்பாடு உண்டு. போனைக் காட்டும்போது பின் எண்ணை நீங்களே தட்டுங்கள், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.